நோயை அளக்கும் கோல்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

சென்ற இதழில், மருத்துவச் சேவையில் இன அடிப்படையில் நிலவும் ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்துவரும் அமெரிக்க மருத்துவர் ஜியாத் ஓபர்மேயரைப் பற்றியும், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் கணினி நிரல் ஒன்று கறுப்பின நோயாளிகளிடம் பாரபட்சம் காட்டியதை அவர் கண்டறிந்தது பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சேலம் நகரிலிருந்தும் ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நோயாளியின் இனம் எது என்பதையே அந்தக் கணினி நிரலுக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நிறம் தெரியாத நிரல் நிறம் பார்த்துப் பாரபட்சம் காட்டியது எப்படி? எனக்கு விளங்கவில்லை.
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், அஸ்தம்பட்டி

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது, அந்த ஆய்வின் உயிர்நாடியும் அதுவே. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில், நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு எனப் பல நாள்பட்ட நோய்கள் ஒருங்கே உள்ளவர்களுக்கென்று தனிக் கவனிப்புத் திட்டங்கள் உண்டு. அதில் சேர்க்கப்பட்டவர்களைச் செவிலியர்கள் தொடர்ந்து விசாரித்துவருவார்கள். மருத்துவரைப் பார்ப்பதிலும் அவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். எல்லோரையும் சேர்க்க ஆள்பலமும் பணமும் போதாது என்பதால், யாருக்குத் தேவை அதிகம் என்பதை ஒரு கணினி நிரல் மதிப்பெண் போட்டுச் சொல்லிவந்தது. மதிப்பெண் வரிசையில் முதல் 3 விழுக்காட்டுக்குள் வந்தவர்கள் திட்டத்துக்குத் தாமாகவே அடையாளம் காணப்பட்டார்கள்.

ஓபர்மேயர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர். பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியரானவர். அவரும், சிறு வயதில் இந்தியக் கிராமம் ஒன்றிலிருந்து அமெரிக்கா சென்று பொருளியல் அறிஞராக உயர்ந்த செந்தில் முல்லைநாதனும், மேலும் இருவரும் சேர்ந்து, ஒரு பெரிய மருத்துவமனையின் 6,079 கறுப்பின நோயாளிகள், 43,539 வெள்ளை நோயாளிகள் ஆகியோரின் ஆவணங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரையும் அருகருகே வைத்து, அவர்களுக்கு உண்மையில் எத்தனை நாள்பட்ட நோய்கள் இருந்தன என்று எண்ணினார்கள். தாமாகச் சேர்க்கப்படும் எல்லைக்கோட்டில் நின்ற வெள்ளையருக்குச் சராசரியாக 3.8 நோய்கள், அதே கோட்டில் நின்ற கறுப்பினத்தவருக்கு 4.8. அதாவது, அதே கவனிப்பைப் பெறுவதற்கு ஒரு கறுப்பினத்தவர் கூடுதலாக நோயுற்றிருக்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் 'சயின்ஸ்' ஆய்விதழில் இது வெளியானது.

காரணத்துக்கு வருகிறேன். நோயின் கடுமையைக் கணிக்க அந்த நிரல் கற்றுக்கொள்ளவில்லை. வரும் ஆண்டில் ஒருவரின் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணிக்கவே அதற்குக் கற்பித்திருந்தார்கள். செலவைக் கணிப்பதில் அது இரு இனத்தவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு சரியாகவே நடந்துகொண்டது. ஆனால் அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்காகச் செலவிடப்பட்ட தொகை, வெள்ளையருக்கானதைவிட ஆண்டுக்குச் சராசரியாக 1,800 டாலர் அளவுக்குக் குறைவாக இருந்தது. மருத்துவமனை தொலைவில் இருப்பது, வேலைக்கு விடுப்பு கிடைக்காதது, வறுமை, மருத்துவர்கள் மீதே நம்பிக்கை இல்லாதது எல்லாம் சேர்ந்து அந்தத் தொகையைக் குறைத்திருந்தன. மளிகைக் கடையில் அதிகம் செலவிடுபவர் வீட்டில்தான் பசி அதிகம் என்று முடிவு கட்டுவது போன்றது இது. பழைய புறக்கணிப்பின் விளைவாகக் குறைந்துபோன செலவை, நோய் குறைவு என்று நிரல் படித்துக்கொண்டு, அந்தப் புறக்கணிப்பை அடுத்த ஆண்டுக்கும் நீட்டித்தது.

இந்தப் பிழையைக் களைந்து பார்த்தபோது, கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயர்ந்தது. ஆய்வாளர்கள் குற்றம் சாட்டுவதோடு நின்றுவிடவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நிரலைத் தயாரித்த நிறுவனத்தோடு அமர்ந்து, செலவோடு உடல்நிலையையும் சேர்த்துக் கணிக்கும்படி அதை மாற்றிப் பார்த்தார்கள். பாரபட்சம் 84 விழுக்காடு குறைந்தது. யாரும் யாரையும் வெறுக்காமலே அநீதி நடக்க முடியும் என்பதையும், என்ன கேள்வி கேட்கிறோம் என்பதை மாற்றினால் அது பெருமளவு விலகும் என்பதையும் ஒரே ஆய்வில் காட்டியதால்தான் அந்த மனிதரின் பணியை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

கேள்வி: நான் வெண்பட்டு வேட்டி நெய்பவன்; சிறு வயது முதல் குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிறேன். இரண்டு முழங்காலும் இரவில் தூங்க விடுவதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, 'தேய்மானம் லேசாகத்தான் இருக்கிறது, இவ்வளவு வலி இருக்க வாய்ப்பில்லை' என்கிறார்கள். வீட்டிலும் நான் வேலைக்குப் பயந்து நடிப்பதாக நினைக்கிறார்கள். ஐயா, வலி எனக்கு இருக்கிறதா இல்லையா?
– நெசவாளர், கொண்டலாம்பட்டி

பதில்: ஐயா, உங்கள் வலி உங்களுக்கு இருக்கிறது. முதலில் அதில் ஐயம் வேண்டாம். ஓபர்மேயரும் கணினி அறிஞர் எம்மா பியர்சனும் முல்லைநாதன் உள்ளிட்ட மற்றவர்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, ஏறக்குறைய நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது.

முழங்கால் தேய்மானத்தைப் படம் பார்த்துத் தரம் பிரிக்க, 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு பிரிட்டன் மருத்துவர்கள் வகுத்த முறையே இன்றளவும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. எலும்பு முனையில் முள் வளர்ந்திருக்கிறதா, மூட்டு இடைவெளி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து, சுழியம் முதல் 4 வரை தரம் கொடுப்பார்கள். அந்த முறை உருவானது அக்காலத்துப் பிரிட்டன் வெள்ளையரின் படங்களைக் கொண்டு. அமெரிக்காவில், ஒரே தரம் கொடுக்கப்பட்ட முழங்கால்களில் கறுப்பின நோயாளிகள் கூடுதல் வலி இருப்பதாகச் சொல்லிவந்தார்கள். படத்தில் இல்லாத வலி என்பதால், மன அழுத்தம் போன்று மூட்டுக்கு வெளியே உள்ள காரணங்களால் வருவது என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது.

ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மருத்துவர் கொடுத்த தரத்தைக் கணினிக்குக் கற்பிக்காமல், எக்ஸ்ரே படத்தையும் அந்த நோயாளி தன் வாயால் சொன்ன வலியின் அளவையும் மட்டும் கொடுத்து, படத்தில் எது வலியோடு ஒத்துப்போகிறது என்று கணினியையே தேடச் செய்தார்கள். இரு இனத்தவருக்கும் இடையிலான வலி வேறுபாட்டில் பழைய தர முறை 9 விழுக்காட்டைத்தான் விளக்கியது. புதிய முறை 43 விழுக்காட்டை விளக்கியது. அந்தக் கூடுதல் வலியில் கணிசமான பங்கு மூட்டுக்குள்ளேயே இருந்தது. படத்திலும் இருந்தது. அதைப் பார்க்கும் கோலில் அதற்கான கோடு இல்லை, அவ்வளவுதான். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி பெறுவது இந்தத் தரத்தைப் பொறுத்தது என்பதால், இதன் விளைவு சிறியதன்று.

அந்த ஆய்வு நம் ஊர்க்காரர்களை வைத்துச் செய்யப்பட்டதன்று. ஆகவே உங்கள் படத்தைக் காணாமல் அதே முடிவை உங்கள் முழங்காலுக்குப் பொருத்த மாட்டேன். நான் சொல்லக்கூடியது இது. எக்ஸ்ரே படுத்த நிலையில் எடுக்கப்பட்டிருந்தால், நின்ற நிலையில் உடல் எடை தாங்கும்போது ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். 'மிதிக்கும்போது வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கால், மிதியை அழுத்தும்போதா விடும்போதா, குழியிலிருந்து எழும் முதல் நொடியிலா, எழுந்து நாலடி நடந்த பிறகா என்று பிரித்துச் சொல்லுங்கள். மருத்துவருக்கு இது எக்ஸ்ரேக்கு நிகரான சான்று. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் முழங்கால் தேய்மானம் உள்ள பலருக்கும் உதவும். அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவிலோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறையாளரிடமோ கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வலியை நம்ப மறுப்பது பழைய வழக்கம். 1993இல் நாக்ஸ் டாட் என்னும் மருத்துவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கை, கால் எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார். வலி மருந்தே கொடுக்கப்படாதவர்கள் வெள்ளையரில் 26 விழுக்காடு, லத்தீன் அமெரிக்க வழியினரில் 55 விழுக்காடு. முறிந்த எலும்பு எக்ஸ்ரேயில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் தாயாருக்கு விறகடுப்புப் புகையால் நுரையீரல் நோய் வந்து பல வருடங்களாகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் வைத்திருக்கிறோம். கறுத்த தோலில் அந்தக் கருவி தவறாகக் காட்டும் என்று மகள் சொல்கிறாள். அம்மா நல்ல கறுப்பு. கருவியை நம்பலாமா?
– எஸ்டேட் தொழிலாளி, ஏற்காடு

பதில்: அம்மா, உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தக் கருவி விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. தோலின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். கருவியைச் சரிபார்த்தபோது வெளிர்நிறத் தோலுள்ளவர்களையே பெரும்பாலும் வைத்துச் சரிபார்த்ததால், கறுத்த தோலில் அது சற்றுக் கூட்டிக் காட்டுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுரையீரல் மருத்துவர் மைக்கேல் ஷோடிங்கும் அவருடைய குழுவினரும் 2020 டிசம்பரில் இதை எண்ணிக் காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய அதே நேரத்தில் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது, உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. கொரோனா காலத்தில் 94 என்ற எண்ணைப் பார்த்துத்தான் படுக்கை உண்டா இல்லையா என்று முடிவு செய்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பல தோல் நிறத்தவரிடமும் சோதித்த பிறகே கருவியை விற்க வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை 2025 ஜனவரியில் வெளியிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை: ஏற்காட்டின் காலைக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் எண் தவறும், கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்த பிறகு மாட்டுங்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது. கருமையாகப் பிடிக்கும் மருதாணியும் நகத்தில் வேண்டாம். எண் ஒரே இடத்தில் நிலைக்கும்வரை காத்திருங்கள். அம்மா நன்றாக இருக்கும் நாள்களில் அவருக்கு வழக்கமாக எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பான அளவே சமவெளியைவிடச் சற்றுக் குறைந்திருக்கலாம். அந்த வழக்கமான எண்ணிலிருந்து மூன்று, நான்கு குறைந்தாலே மருத்துவரிடம் காட்டுங்கள். பேச முடியாமல் மூச்சிரைப்பது, குழப்பமாகப் பேசுவது, உதட்டின் உட்புறமோ நாக்கோ நீலம் பாய்வது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், கருவி 95 என்று காட்டினாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். இயன்றால் விறகடுப்பை விட்டுவிடுங்கள். அந்தப் புகையைவிடப் பெரிய எதிரி அம்மாவின் நுரையீரலுக்கு வேறில்லை.

கேள்வி: என் பழைய இரத்தப் பரிசோதனைத் தாளில் சிறுநீரகச் செயல்திறன் எண்ணுக்குக் கீழே, 'கறுப்பின அமெரிக்கர் எனில் 1.159ஆல் பெருக்கவும்' என்று அச்சிட்டிருக்கிறது. இது என்ன?
– வாசகர், ஆத்தூர்

பதில்: அது, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் கணிக்க 2009இல் வகுக்கப்பட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். சூத்திரத்தின் எச்சம். கறுப்பினத்தவர் என்பதற்காகவே எண்ணைக் கூட்டிக் காட்டியதால், சிறுநீரகம் பழுதடைந்தும் அவர்கள் மாற்று அறுவைக்கான பட்டியலில் தாமதமாகவே இடம் பெற்றார்கள். 2021இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகளின் கூட்டுக்குழு இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கணக்கிட்டுக் கொடுக்கும்படி 2023இல் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு உத்தரவும் வந்தது. தங்கள் எண்ணை எதனாலும் பெருக்க வேண்டாம். அச்சிட்டுள்ளபடியே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வெள்ளையர், கறுப்பர் சண்டை அமெரிக்காவின் சிக்கல். இங்கே அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே மருந்து, கட்டணமும் இல்லை. இல்லாத நோயை ஏன் இறக்குமதி செய்கிறீர்கள்?
– வாசகர், ஓமலூர்

பதில்: கட்டணமில்லாத மருத்துவம் தமிழ்நாட்டின் பெருமை, அதில் பணிபுரிந்தவன் என்ற முறையில் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அமெரிக்க இனப் பாகுபாட்டின் வரலாறும் நம் வரலாறும் ஒன்றல்ல என்பதையும் ஏற்கிறேன். ஆனால் இல்லாத நோய் என்று தாங்கள் சொல்வதை ஏற்க முடியாது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 35.2, பழங்குடியினரிடையே அது 41.6. ஐந்து வயதுக்குள் இறப்பவை நாடு முழுவதற்கும் 41.9, பழங்குடியினரிடையே 50.3.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த வரிசைக்கு வந்து சேரும் வழி ஒன்றல்ல. உள்மலைக் கிராமத்திலிருந்து சாலைக்கு நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு வந்து சீட்டு வாங்கும்போது முற்பகல் கழிந்திருக்கும். ஸ்கேன் பிற்பகல் என்றால், கடைசிப் பேருந்து போய்விடும் என்று எடுக்காமலே திரும்புகிறவர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களின் சீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்படும். பேருந்து நேரத்தை யாரும் எழுதுவதில்லை. 'எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டால் 'பரவால்லைங்க' என்று மட்டும் சொல்லி நிற்கும் காபித் தோட்டத்துப் பெண்ணுக்கு இரண்டு மாத்திரையோடு ஆலோசனை முடிந்துவிடுவதும் உண்டு. இப்படிப்பட்டவர்களின் காப்பீட்டுச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மலையில் நோய் குறைவு என்று ஓர் அலுவலர் முடிவு செய்தால், அமெரிக்க நிரல் செய்த அதே தவற்றைக் கணினி இல்லாமலே செய்தவராவார்.

நம் நாட்டிலும் எண்ணிப் பார்த்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர், ஊர் ஊராகப் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து, பச்சிளங்குழந்தைகள் வீட்டிலேயே இறப்பதைக் கண்டு, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, குழந்தைகளைக் கவனிக்க வீடு வீடாக அனுப்பினார்கள். 1993–95இல் 1,000க்கு 62 ஆக இருந்த பிறந்த ஒரு மாதத்துக்குள்ளான இறப்பு, 2001–03இல் 25 ஆகக் குறைந்தது. இன்று நாடெங்கும் ஆஷா பணியாளர்கள் பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வருவதற்கு அந்தப் பணியே வழிகாட்டி. பழங்குடியினர் உடல்நலம் குறித்து 2013இல் அமைக்கப்பட்டு 2018இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அபய் பங்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமக்கு அருகில் உள்ள சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே, சிட்லிங்கியில், ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் 1993இல் ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய மருத்துவமனையில், மலையாளிப் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகப் பணிபுரிகிறார்கள்.

கேள்வி: நான் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மாணவி. இது போன்ற ஆய்வை ஏற்காடு மலைக்கிராமங்களில் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– இறுதியாண்டு மாணவி

பதில்: உன் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது, மகளே. கருவியிலோ கணினியிலோ தொடங்காதே; ஒரு சிறிய, விடை காணக்கூடிய கேள்வியில் தொடங்கு. உதாரணமாக, இரத்தக்கொதிப்பு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில், ஒரு வருடம் கழித்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏற்காடு நகரில் எத்தனை பேர், உள்மலைக் கிராமங்களில் எத்தனை பேர் என்பது போதும். எதை அளக்கிறாய் என்பதை ஒன்றுக்குப் பத்து முறை யோசி. மருத்துவமனைக்கு வந்த எண்ணிக்கையை அளந்தால் வழியின் தூரத்தை அளந்தவளாவாய். வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தத்தையே அளந்தால்தான் நோயை அளந்தவளாவாய். வராதவர்களின் பெயர்கள்தான் உன் ஆய்வுக்கு மிகவும் தேவையான பெயர்கள். அவை வெளிநோயாளர் பதிவேட்டில் கிடைக்காது, கிராமச் செவிலியரிடம் கிடைக்கும்.

உன்னோடு வீடுகளுக்கு வர அந்த ஊர்ப் பெண் ஒருவரைச் சேர்த்துக்கொள். அவருக்கு ஊதியம் கொடு. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்காவின் ஓக்லாண்டு நகரில் மார்செல்லா ஆல்சன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனையில், கறுப்பின மருத்துவரைச் சந்தித்த கறுப்பின ஆண்கள் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்கு அதிக அளவில் இணங்கினார்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ஒவ்வொருவரிடமும் அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லிப் பெற்ற சம்மதமும் இல்லாமல் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காதே. அழுத்தம் அதிகமாக இருப்பவரைக் கண்டால் எழுதிக்கொண்டு போய்விடாமல், அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லி, மாத்திரை அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார். முடிவுகளை மாநாட்டில் படிப்பதற்கு முன், அதே ஊரின் மந்தையில் உட்கார்ந்து அவர்களிடம் சொல். நீ கண்ட காரணம் தவறு என்று அவர்கள் சொன்னால், அதையும் ஆய்வேட்டில் எழுது.